செவி எனும் அமானிதம்

 

தூத்துக்குடி துறைமுகத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர், தம் மகனை மதரஸாவில் விட வந்தபோது என்னைத் தனியே அழைத்தார். "ஆலிம்சா! பையன் எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டே திரிகிறான். மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. கூடத்தில் நல்லதாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் இந்தப் பழக்கம் மாறுமா? வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?" என்று கேட்டார்.

தலாக்கைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஸ்பீக்கர் வாங்க யோசனை கேட்டவர் இவர் ஒருவர்தாம். அன்று சட்டென்று விடை சொல்ல எனக்கு இயலவில்லை. யோசித்துப் பார்த்தபோது, இது அவர் வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று, என் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் இருப்பதுதான் என்று தோன்றியது.

இசைக்கருவிகள் கூடுமா, கூடாதா என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த மஸ்அலாவை இங்கே நான் எடுக்கப் போவதில்லை. கிராஅத், பயான், பைத்து, இஸ்லாமியப் பாடல் என எதைக் கேட்டாலும் கேட்கின்ற காது ஒன்றுதானே! அதை எவ்வாறு கேட்கிறோம், யாருடன் கேட்கிறோம் என்பதே இம்மாத நம் பேச்சு.

குழாய் ரேடியோ காலம்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் கல்யாண வீடு என்றால், பந்தக்காலுக்கு முன்பே வந்து இறங்குவது குழாய் ரேடியோதான். மாடிச் சுவரிலும் வேப்பமரத்திலும் குழாயைக் கட்டிவிட்டு, செட்டுக்காரர் திண்ணையில் இசைத்தட்டுகளைப் பரப்பிக்கொண்டு அமர்வார். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். எனவே மனிதர் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. முள்ளை எடுத்து வைப்பதும் தட்டைத் திருப்பிப் போடுவதுமே அவர் வேலை. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கம்பீரக் குரலையும், நம் பக்கத்துக் காயல் ஷேக் முகம்மது அவர்களின் குரலையும் நாங்கள் முதலில் கேட்டது அந்தக் குழாய் வழியாகத்தான்.

குழாயின் வாய் ஏன் விரிந்திருக்கிறது தெரியுமா? ஒலியை நாற்புறமும் சிதறவிடாமல் ஒரே பக்கமாகச் செலுத்துவதற்காக. அதனால் மனிதக் குரல் வெகுதூரம் செல்லும். ஆனால் குரலின் அடிநாதமும் குழைவும் அதில் தேறா. வெட்டவெளிக்கு ஏற்ற கருவி அது, வீட்டுக்கு ஏற்றதன்று.

நம்மவர் பலர் குடியேறிய சிங்கப்பூரில், 1936ஆம் ஆண்டிலேயே சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி வழியாகப் பாங்கு சொல்லப்பட்டது. உலகில் இதுவே முதலாவது என்பர். அதே சிங்கப்பூரில், அடுக்குமாடி வீடுகள் பெருகிப் பல சமயத்தவரும் நெருங்கி வாழத் தொடங்கிய 1970களில், பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன. பாங்கு வானொலி வழியே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சென்றது. குழாய் திரும்பியதால் பாங்கு நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதே ஆண்டில், சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் அதன் அக்கம்பக்கத்தாருக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அது எல்லோருக்கும் சொன்ன சொல்தான். பாங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நம் கல்யாண வீடுகளின் ஓசையோ சில நாட்கள் நீடிக்கிறது! சுவருக்கு அப்பால் ஒரு நோயாளியோ, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ இருக்கிறதா என்று நாம் விசாரித்ததுண்டா? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில், குரலைத் தாழ்த்திக்கொள் என்பதும் ஒன்று என்பதை மதரஸாவில் ஓதாதவர் யார்?

கடல் தாண்டி வந்த குரல்

குழாய் தெருவுக்குச் சொந்தமானது. வானொலிப் பெட்டி வீட்டுக்குச் சொந்தமானது. நம் கடற்கரையில் அந்தப் பெட்டி பேசியது பெரும்பாலும் கொழும்பின் குரலில்தான். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னாளில் இலங்கை வானொலியாக வளர்ந்து நம் வீடுகளை ஆண்டது. மத்திய அலை, தரையைவிட உப்புநீரின் மீது வலுக்குறையாமல் பயணிக்கும் இயல்புடையது. ஆகவேதான் உள்நாட்டு ஊர்களைவிட நம் கரையோர ஊர்களில் கொழும்பு தெளிவாகக் கேட்டது. பி.எச். அப்துல் ஹமீதின் தமிழைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன். முஸ்லிம் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் பெண்கள் அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு பெட்டி, ஒரு குரல். சுற்றிலும் வீடு முழுவதும்!

ரமலானில் மட்டும் பெரியவர்கள் எச்சரிப்பார்கள்: "கொழும்புப் பாங்கைக் கேட்டு நோன்பைத் திறந்துவிடாதீர்கள்!" கணக்கு எளிது. தூத்துக்குடி கொழும்புக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் பாகை மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக, நமக்குச் சூரியன் ஏறக்குறைய 7 நிமிடம் பிந்தி மறைகிறது. பருவத்தைப் பொறுத்து இது சில நிமிடம் கூடும், குறையும். போதாக்குறைக்கு 1996 முதல் 2006 வரை இலங்கையின் கடிகாரமே நம் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. இன்று கைப்பேசியில் பாங்கு கேட்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அதில் எந்த ஊர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒலிநாடாவும் என் பிழையும்

பிறகு ஒலிநாடா வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட இந்தச் சிறு பெட்டி, நம் ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளோடு வந்து சேர்ந்தது. என் வாப்பா சவூதியில் வேலை பார்த்தார்கள். 1986இல் ஒரு டூ இன் ஒன் அனுப்பினார்கள். அதன்பின் கடிதம் எழுதுவது குறைந்துபோய், ஊருக்கு வருவோர் கையில் ஒலிநாடா வரத் தொடங்கியது. இஷாவுக்குப் பிறகு உம்மா அதைப் போடுவார்கள். லாத்தாவும் நானும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களும் சுற்றி அமர்வோம். பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் வாப்பா விசாரிப்பார்கள்.

பதிலை எதில் பேசி அனுப்புவது? அதே நாடாவில்தான்! வாப்பாவின் குரலை அழித்து அதன்மேல் எங்கள் குரலைப் பதிந்து அனுப்புவோம். அங்கே எங்கள் குரலை அழித்து அவர்கள் பேசுவார்கள். அழிகிறது என்ற எண்ணமே எங்களுக்கு அப்போது இல்லை. ஒரே ஒரு நாடாவை மட்டும் உம்மா திருப்பி அனுப்பவில்லை. அதன் முதுகில் இருக்கும் சிறு தட்டையை உடைத்து, பீரோவில் வைத்திருந்தார்கள். தட்டையை உடைத்துவிட்டால் அதில் மறுபதிவு செய்ய இயலாது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

1992இல் எனக்கு வயது பன்னிரண்டு. வானொலியில் வந்த பாட்டுகளைப் பதிய ஆசை. கையில் வெற்று நாடா இல்லை. பீரோவிலிருந்து அதை எடுத்தேன். உடைந்த துவாரத்தில் காகிதத்தை மடித்துத் திணித்தேன். அரை மணி நேரம் ஓடும் ஒரு பக்கம் முழுவதையும் பாட்டால் நிரப்பினேன். அதற்கு அடுத்த ஆண்டு வாப்பா அங்கேயே வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த நாடாவை உம்மா கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நெஞ்சில் கிடந்த முள் அது.

எங்கோ இருந்து வரும் ஓடை

இன்று தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. எங்கோ உள்ள கணினியிலிருந்து கிராஅத்தும் பாட்டும் ஓடைபோல் வந்து, ஒலித்து, மறைந்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே கானா, சாவன் போன்றவை இங்கே வந்துவிட்டன. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 60 எம்.பி. அளவுக்கும் குறைவாகவே செலவாகிறது. எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி அவர்கள் 1961இல் குர்ஆன் முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார்கள். முழுக் குர்ஆனுக்கு அதுவே முதற்பதிவு. ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் வாங்கி வந்தால்தான் கிடைத்த அந்தக் குரல், இன்று நம் பிள்ளையின் விரல் நுனியில் நிற்கிறது. அல்ஹம்து லில்லாஹ்!

ஆயினும் மூன்று குறைகள். ஓதல் முடியுமுன் விளம்பரம் குறுக்கிடுகிறது. முடிந்ததும் நாம் கேளாத ஏதோ ஒன்று தானாகத் தொடங்குகிறது. இன்றிருக்கும் பதிவு, நிறுவனங்களுக்குள் உரிமை மாறினால் நாளை இல்லாமலும் போகலாம். பணம் கட்டிக் கேட்பதால் அது நம் சொத்தாகிவிடாது.

முத்துக் குளித்தவர்களின் காது

இவற்றைவிடப் பெரிய கவலை காதைப் பற்றியது. நம் கடலில் அரசு நடத்திவந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பாருக்குச் சென்று, கல்லைக் காலில் கட்டி மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களின் பரம்பரை இங்கே இன்னும் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் உடல்மேல் விழும் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இருமடங்கு. அதைச் சமன் செய்யத் தவறினால் செவிப்பறை கிழியும். முத்துக்கும் சங்குக்கும் கேள்விப்புலனை விலையாகக் கொடுத்தவர்கள் இக்கரையில் பலர். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள், வேறு வழி அவர்களுக்கு இல்லை.

நம் பிள்ளைகள் எதற்காகக் கொடுக்கிறார்கள்? உட்செவியில் பிறவியிலேயே அமைந்த நுண்மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000. பேரொலியால் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான்! குழந்தைகளுக்கு 75 டெசிபலுக்கு மேல் கூடாது. கைப்பேசியின் ஒலியளவை அறுபது விழுக்காட்டுக்குள் நிறுத்தினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அருகில் இருப்பவர் சாதாரணக் குரலில் அழைப்பது கேட்கவில்லை என்றால், அளவு மீறிவிட்டது என்று பொருள். செவி, பார்வை, இதயம் ஆகியவை பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். கேட்டது என்ன என்பதோடு, கொடுக்கப்பட்ட காதை எப்படி வைத்திருந்தோம் என்றும் கேள்வி வந்தால் என்ன சொல்வோம்?

அன்பருக்கு என் பதில்

துறைமுக அன்பரே! ஸ்பீக்கர் வாங்குங்கள், விலை உயர்ந்தது வேண்டாம். அதை மூலையில் திணிக்காமல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, அமர்ந்தவரின் காது மட்டத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் அடி ஒலி பெருகிச் சொற்கள் மங்கும். வெற்றுச் சுவரும் வெறுந்தரையும் எதிரொலிக்கும் கூடமாயின், ஒரு விரிப்பும் திரைச்சீலையும் போடுங்கள். ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் தெளிவு அதிலேயே கிடைத்துவிடும். ஓதல் கேட்பதென்றால் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொண்டு, வீட்டார் அமர்ந்து செவிதாழ்த்தும் நேரத்தில் மட்டும் போடுங்கள். மிக்ஸி ஓடும்போது பின்னணிக்கு வேண்டாம். மகனிடம் காதிலிருப்பதைக் கழற்று என்று அதட்டாதீர்கள். இன்று எதைக் கேட்கலாம் என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவன் தேர்ந்ததை நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். ஸ்பீக்கர் மட்டும் எதையும் மாற்றாது. பக்கத்தில் நீங்கள் இருந்தால் மாறலாம்.

இன்னொன்று. வீட்டில் பழைய ஒலிநாடாக்கள் இருந்தால் இம்மாதமே வெளியில் எடுங்கள். நம் கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஓடக்கூடிய ஒரு டேப் ரெக்கார்டரின் காதணித் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உண்டு. நாடா எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரமே வேலை. பதிந்ததை இரண்டு இடங்களில் வையுங்கள்.

சென்ற மாதம் என் மகன் இதைத்தான் செய்தான். என் பாட்டுகளெல்லாம் ஓடி முடிந்த பிறகு, நாடாவின் கடைசியில், நான் பதிய மறந்த ஒன்றரை நிமிடம் இருந்தது. அவன் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன், கழற்றிவிட்டு, "வாப்பா, யாரோ பேசுறாங்க!" என்றான். கூடத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். உம்மாவுக்கு இப்போது காது சற்று மந்தம்; அருகில் கொண்டுவந்து அமர்த்தினோம். முப்பது ஆண்டுக்கு முந்தைய அந்தக் குரல், அடுப்பங்கரைக் கூரையில் ஓடு மாற்றியாகிவிட்டதா, மழை வந்துவிடுமே என்று கேட்டது. அவ்வளவுதான், நாடா முடிந்தது.

உம்மா ஸ்பீக்கரைப் பார்த்தபடி, "ஐப்பசிக்கு முன்னாடியே மாத்தியாச்சு" என்றார்கள்.

அதன் பிறகுதான் என் பிழையை உம்மாவிடம் சொன்னேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.