சாரிஸார்ட்: விலை வேறு, பலம் வேறு

போக்கிமோன் அட்டை விளையாட்டை ஒருநாளும் விளையாடாதவர்கள்கூட சாரிஸார்ட்டை அறிவார்கள். செம்மஞ்சள் உடல், விரிந்த சிறகு, வாயில் நெருப்பு. ஜப்பானிய ஓவியர் மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த அந்த அட்டை 1996இல் ஜப்பானிலும் 1999இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பழுதேதும் இல்லை எனத் தரச்சான்று பெற்ற ஆங்கில முதற்பதிப்பு அட்டையொன்று 2022இல் 420,000 அமெரிக்க டொலருக்கு விலைபோனது. இதனால் 102 அட்டைகள் கொண்ட அந்த முதற்தொகுதியில் மிகப் பலமானது இதுவே எனப் பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது என்பதே என் கருத்து.

அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உயிர்ப்புள்ளி 120, ஒரே அடியில் 100 புள்ளிச் சேதம். தொகுதியில் வேறெதற்கும் இவ்வளவு உயிர்ப்புள்ளி இருந்தாலும்கூட, இப்படியோர் அடி எளிதில் கிடைக்காது. ஆனால் இந்த எண்கள் வரவை மட்டுமே சொல்கின்றன. செலவையும் பார்த்தால்தான் கணக்கு முடியும்.

சாரிஸார்ட்டை நேரடியாகக் களமிறக்க முடியாது. முதலில் 50 உயிர்ப்புள்ளி கொண்ட சார்மாண்டர், பிறகு 80 கொண்ட சார்மிலியன், அதன் பின்னரே சாரிஸார்ட். இடைப்படியைத் தாண்ட உதவும் அட்டை உண்டு. அதுவும் கையில் வந்து சேரவேண்டும். ஒரு முறைக்கு ஒரு சக்தி அட்டைதான் இணைக்கலாம். சாரிஸார்ட்டின் அடிக்கோ நான்கு சக்தி வேண்டும். அடித்ததும் இரண்டு சக்தி அட்டைகளைக் கழித்துவிட வேண்டும். எனவே அடுத்த அடிக்கு மீண்டும் காத்திருக்க நேரும்.

இப்போது ஹிட்மொன்சானைப் பாருங்கள். உயிர்ப்புள்ளி 70தான். வளர்ச்சிப் படிகள் இல்லை. ஒரே ஒரு சக்தி அட்டையுடன் முதல் முறையிலேயே 20 புள்ளி அடிக்கும். மூன்று அடியில் சார்மாண்டர் வீழ்ந்துவிடும். முழுதாக வளர்ந்த சாரிஸார்ட்டை அந்த 20 புள்ளி அடி தொடவும் முடியாது, சண்டை வகை அடியில் 30 புள்ளியை அது குறைத்துவிடும் என்று நீங்கள் வாதிடலாம். உண்மைதான். ஆனால் வளரும்வரை அதை விட்டுவைப்பவர் யார்? வளர்ந்த பின்னரும், எதிராளி ஒரு சாதாரண அட்டையால் அதன் சக்தியைப் பறித்துவிடலாம். நீர் வகை அடி அதற்கு இரட்டிப்பாக விழும். ப்ளாஸ்டொய்ஸின் 60 புள்ளி அடி 120ஆகி, ஒரே அடியில் கதையை முடித்துவிடும்.

அந்நாட்களில் போட்டிகளில் கோலோச்சியவை ஹிட்மொன்சான், எலக்டபஸ் போன்ற சிறிய, விரைவான அட்டைகளே. அவற்றோடு, புதிதாக இரண்டு அட்டை எடுக்க அனுமதிக்கும் ‘பில்’ என்ற பகட்டில்லாத அட்டையும் இருந்தது. சட்டம் போட்டு மாட்டி வைக்க அதை யாரும் தேடமாட்டார்கள். ஆனால் 60 அட்டைகளைக் கொண்டு விளையாடத் தெரிந்தவர் அதை விடவும் மாட்டார்.

அப்படியானால் 420,000 டொலர் எதற்கு? அழகுக்கும், அருமைக்கும், பலரது சிறுபராய நினைவுகளுக்கும். அந்த விலையை நான் குறைகூறவில்லை. அது பலத்தின் அளவுகோல் அல்ல என்று மட்டுமே சொல்கிறேன்.

பெற்றோருக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. பிள்ளை விளையாடக் கேட்கிறதா, அதிர்ஷ்டத்தை நம்பிப் பொதி பொதியாக வாங்கக் கேட்கிறதா என்பதைப் பிரித்தறியுங்கள். முதலாவதில் வரவு செலவு பார்க்கும் புத்தி வளரும். இரண்டாவதில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொதிக்குப் பின்னால் காசு போகும்.

தோழிகளே, ஓர் அட்டையைக் கையில் எடுத்தால் அதன் பெரிய எண்ணோடு நின்றுவிடாதீர்கள். இதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை முறை காத்திருக்க வேண்டும், இடையில் எது இதை வீழ்த்தும், இது இல்லாவிட்டால் என் ஏனைய அட்டைகள் என்ன செய்யும் என்று கேளுங்கள். பெறுபேற்றுத் தாளில் ஒரேயொரு பாடத்தின் புள்ளியைப் பார்த்து ஒருத்தியை எடைபோடுவது எவ்வளவு அநியாயம் என்பது நமக்குத் தெரியும். அட்டையை எடைபோடும்போதும் அந்த நியாயத்தை மறக்க வேண்டாம்.