செவி பழகினால் நாவும் பழகும்

"சிங்களம் எனக்கு வராது" என்று மலைநாட்டு மாணவர் பலர் மனஞ்சோர்ந்து கூறக் கேட்கிறோம். வீட்டில் தமிழும் பஸ்வண்டியில் சிங்களமும் கேட்டு வளரும் கொட்டகலைப் பிள்ளைக்கு இச்சோர்வு ஏன்?

முதலில் நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து ஆசிரியர் "கெதியாய் வா" என்றால் தோட்டத்துச் சிறுவன் முதல்நாள் விழிப்பான். "சீக்கிரம் வா" என்பதே அவன் அறிந்தது. மட்டக்களப்பாரின் "மறுகா" என்பது "பிறகு" என்பதே என உணரவும் சில நாள் ஆகும். நம் "பெரட்டு", "கவ்வாத்து" முதலிய சொற்கள் அவர்களையும் அவ்வாறே திகைக்கவைக்கும். எவர் தமிழும் பிழையன்று. செவி இன்னும் பழகவில்லை. பிரிட்டனில் வேல்ஸ் மொழி பயில்வோருக்கும் இத்தொல்லை உண்டு. பாலை வடபுலத்தார் "லெவ்ரித்" என்பர். தென்புலத்தார் "லாய்த்" என்பர்.

சிங்களத்தின் சொல்லொழுங்கு நமக்கு அந்நியமன்று. "மம கெதர யனவா" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நான் வீட்டுக்குப் போகிறேன்" ஆகும். பேச்சில் நான், அவன், அவர்கள் யாவர்க்கும் "யனவா" ஒன்றே போதும். தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் தனி விகுதி வேண்டும். இடர் ஒலியிலேதான். "கப்பல்" என்பதன் ககரத்துக்கும் "தங்கம்" என்பதன் ககரத்துக்கும் சிங்களத்தில் வெவ்வேறெழுத்து உண்டு. கொட்டகலை என்ற பெயரின் ஈற்றிலுள்ளது கவின்கலை அன்று. பாறையைக் குறிக்கும் சிங்களச் சொல். அதன் ககரம் தங்கத்தின் ககரமே. இதை ஏடு கற்பிக்காது, காதுதான் கற்கவேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் தோட்டத்துச் சின்னத்துரைமாருக்கென வெளிவந்த தமிழ்க் கைநூலின் பெயர் "இங்கே வா". ஏவுவதற்காகக் கற்கும் மொழி ஏவலோடு நின்றுவிடும். பிறர் கூறுவதைக் கேட்கக் கற்கும் மொழியே வளரும்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. அரசுக் காரியங்களைத் தமிழில் ஆற்றுவது நம் உரிமை, அதனைக் கைவிடலாகாது. ஆயினும், வைத்தியசாலையில் தாயின் வலி எங்கேயென்று தாதிக்கு உடனே சொல்லவேண்டிய பிள்ளைக்கு, அயலவர் மொழி அந்நேரத்தில் பெருந்துணை.

ஆகவே மாணவர்காள், நாள்தோறும் கால்மணி நேரம் வானொலியில் சிங்களச் செய்தியைக் கேளுங்கள். பொருள் விளங்காவிடினும் ஒலியைப் பின்தொடருங்கள். பின்னர் சிங்கள நண்பனிடம் ஐந்து வாக்கியம் பேசுங்கள். அவன் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். அவனைத் தமிழில் ஐந்து வாக்கியம் பேசச் சொல்லுங்கள்!