விசாரணையின்றி ஓராண்டு: குண்டர் தடுப்புச் சட்டம் குறித்து எங்கள் நிலைப்பாடு

குற்றத்தை நிரூபிக்காமல், சாட்சியை விசாரிக்காமல், நீதிமன்றம் தண்டனை விதிக்காமல் ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்க அரசு அதிகாரிக்கு இடம்தரும் சட்டம் தமிழ்நாட்டுக்கு வேண்டாம். ‘குண்டாஸ்’ என்று ஊரறிந்த 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தை முழுமையாக நீக்க வேண்டும் என்று கோருகிறோம். நீக்கும்வரை செய்ய வேண்டியவை இந்த அறிக்கையின் இறுதியில் உள்ளன.

ரவுடிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று எங்களைக் கேட்பார்கள். கத்தியைக் காட்டிப் பணம் பறித்தவர் மீது வழக்கு நடக்கட்டும்; சாட்சிகள் கூண்டேறட்டும்; குற்றம் மெய்யானால் சட்டம் சொல்லும் தண்டனையை அவர் முழுதாக அனுபவிக்கட்டும். அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு கையெழுத்தில் ஆளை உள்ளே வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

சட்டம் நடக்கும் விதம்

பெரும்பாலும் குண்டாஸ் ஆணை வரும்போது அந்த நபர் வேறொரு வழக்கில் ஏற்கெனவே சிறையில்தான் இருப்பார். காவல் ஆய்வாளர் கோப்பைத் தயார் செய்வார். மாவட்டமானால் ஆட்சியரும், மாநகரமானால் காவல் ஆணையரும் கையெழுத்திடுவார்கள். ‘இவர் ஜாமீனில் வெளிவர வாய்ப்புள்ளது; வந்தால் பொது ஒழுங்குக்குக் குந்தகமாக நடந்துகொள்வார்’ என்ற வாசகம் ஆணைக்கு ஆணை திரும்ப வரும். ஆணை சிறைக்குள்ளேயே கையில் தரப்படும். மறுநாள் நாளிதழில் ‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ என்று நாலு வரிச் செய்தி வரும்.

பிறகு ஒரு கால அட்டவணை தொடங்குகிறது. 5 நாளுக்குள் காரணங்களைத் தர வேண்டும். 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் கோப்பு அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாட உரிமை இல்லை. காவலுக்குப் போதிய காரணம் உண்டு என்று கழகம் சொல்லிவிட்டால், அரசு 12 மாதம் வரை காவலை நீட்டிக்கலாம்.

ஜாமீன் வேண்டாம் என்று காவல்துறை கருதினால், அதை நீதிபதி முன் சொல்லி எதிர்க்கலாம். அங்கே எதிர்த்தரப்புக்கும் வாய் உண்டு. குண்டாஸ் ஆணை அந்த வாதத்தையே தவிர்த்துவிடுகிறது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ரேகா வழக்கில் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. அதற்குப் பிறகும் வழக்கம் மாறவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் சிறைப் புள்ளிவிவரங்களில், நாட்டிலுள்ள தடுப்புக்காவல் கைதிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருக்கிறார்கள்.

பழைய ஆயுதம்

மதராஸ் மாகாணத்தில் விசாரணையில்லாக் காவலுக்கு வழிசெய்த ஒழுங்குமுறைச் சட்டம் 1819இல் வந்தது. நூறாண்டு கழித்து வந்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே எழுந்தது. ஆனால் விடுதலைக்குப் பின் எழுதிய அரசியலமைப்பில், அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே, தடுப்புக்காவலுக்கு இடம் கிடைத்தது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அதே பிரிவு, தடுப்புக்காவல் கைதிகளுக்கு இவை இரண்டும் பொருந்தா என்கிறது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, வரைவுக் குழுவினருக்குச் சிறை அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்று மகாவீர் தியாகி ஆதங்கப்பட்டார். 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மதராஸ் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அன்றைய தடுப்புக்காவல் சட்டம் பெருமளவு செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நெருக்கடிநிலைக் காலத்தில் ஏவப்பட்ட மிசா தடுப்புக்காவல் சட்டம் காட்டியது. 1976இல் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். நெருக்கடிநிலை முடிந்த பின், 1978இல் நிறைவேறிய 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி ஒருவரைக் காவலில் வைக்கும் உச்ச வரம்பை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைத்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி கழகத்தை அமைக்க வேண்டும் என்றது. பணியிலுள்ள உயர் நீதிமன்ற நீதிபதியே அதற்குத் தலைமை வகிக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை மட்டும் எந்த மத்திய அரசும் இன்றுவரை வெளியிடவில்லை.

நீளும் பட்டியல்

1982இல் கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர்கள், பாலியல் தொழில் தரகு, குடிசைப் பகுதி நில அபகரிப்பு ஆகியவற்றுக்கென்று வந்த சட்டம் இது. பிறகு வனக் குற்றம் சேர்ந்தது. 2004இல் திருட்டு வீடியோ சேர்ந்தது. மணல் கடத்தல், சைபர் குற்றம், பாலியல் குற்றம் என்று பட்டியல் நீண்டது. திராவிடக் கட்சிகள் மாறி மாறி ஆண்டபோதும் பட்டியல் குறையவில்லை. மிசாவில் அடிபட்ட கட்சியும் கோட்டைக்கு வந்ததும் இதே சட்டத்தைத்தான் எடுத்தது.

‘குண்டர்’ என்பதன் வரையறை, கலவரத்தைத் தூண்டுவது தொடங்கி மிரட்டல்வரை தண்டனைச் சட்டத்தின் பல அத்தியாயங்களை அணைத்துக்கொள்கிறது. எனவே அது போராடுபவர்கள் மீதும் விழுகிறது. 2017இல், ஈழப் போரில் இறந்தவர்களுக்கு மெரினாவில் மெழுகுவத்தி ஏந்த முயன்றதற்காக மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்ட நால்வர் மீது குண்டாஸ் போடப்பட்டது. அதே ஆண்டில், நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி மீதும் போடப்பட்டது. அந்த ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023இல் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்தவர்களில் ஏழு பேர் மீது குண்டாஸ் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் ஆறு பேர் மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. ஆறு பேரை வெளியே விடுவதால் பொது ஒழுங்குக்கு ஆபத்தில்லை என்றால், முதலில் உள்ளே வைத்தது எதற்கு என்ற கேள்விக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரத்தானால் போதுமா?

ஆட்கொணர்வு மனுக்களில் குண்டாஸ் ஆணைகள் அடிக்கடி ரத்தாகின்றன. கொடுத்த நகல் படிக்க முடியாத அளவுக்கு மங்கல். ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை. கைதியின் முறையீட்டைப் பார்க்க அரசு தாமதித்தது: பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணங்கள். அதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. தினக்கூலியில் நடந்த வீடு கடனில் விழுந்திருக்கும். இழப்பீடு என்ற பேச்சே இல்லை. ஆணை பிறப்பித்தவரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறுவதில்லை. அவர் அடுத்த கோப்பை எடுக்கிறார்.

மக்களின் அச்சம் பற்றி

கஞ்சா விற்பவரோ, மணல் கும்பலோ, பெண்ணைத் துரத்தியவரோ ஜாமீனில் வந்து சாட்சியை மிரட்டுவது கற்பனை அல்ல. அந்தத் தெருவில் வாழ்பவரின் பயத்தை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. நிபந்தனையை மீறியவரின் ஜாமீனை ரத்து செய்யச் சட்டம் உண்டு. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018இலேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. இவற்றுக்கு ஆளும் பணமும் வேண்டும். குண்டாஸுக்கு ஒரு கோப்பு போதும். ஆனால் அது அந்தத் தெருவுக்கு வாங்கித் தருவது ஓராண்டு அமைதி மட்டுமே. மூல வழக்கு கிடப்பில் கிடந்தால் அதே ஆள் தண்டனை ஏதுமின்றித் திரும்பி வருவார்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆட்சியருக்கும் ஆணையருக்கும் இந்த அதிகாரம் நிரந்தரமாகத் தரப்பட்டதல்ல. ஒரு தடவைக்கு 3 மாதத்துக்கு மிகாமல் அரசாணை மூலம் நீட்டிக்கப்படுவது அது. இனி நீட்டிக்கக் கூடாது. இதற்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை.

2. ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மீது, ஜாமீனை நீதிமன்றத்தில் எதிர்க்காமல், தடுப்புக்காவல் ஆணை போடக் கூடாது.

3. போராட்டம், பேச்சு, எழுத்து தொடர்பான வழக்குகளில் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும்.

4. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை அனுமதிக்க வேண்டும். முறையீடு எழுத இலவசச் சட்ட உதவியும், ஆவணங்கள் அனைத்தும் தமிழிலும் கிடைக்க வேண்டும்.

5. எத்தனை ஆணைகள், எந்த மாவட்டம், எத்தனை ரத்தாயின, ஏன் என்ற விவரங்களை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ரத்தான ஒவ்வோர் ஆணைக்கும் இழப்பீடு தர வேண்டும்.

மத்திய அரசு 44ஆவது திருத்தத்தின் விடுபட்ட பகுதியை உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, தடுப்புக்காவலைக் காப்பாற்றுவதற்காக 9ஆம் பிரிவின் மீது இந்தியா வைத்த விலக்கையும் கைவிட வேண்டும்.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது குண்டாஸை அடக்குமுறை என்றும், ஆளும்போது இரும்புக்கரம் என்றும் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். இந்தச் சட்டத்தை நீக்குமா, வைத்துக்கொள்ளுமா என்பதை ஒவ்வொரு கட்சியும் தன் தேர்தல் அறிக்கையில் எழுதட்டும். எங்கள் நிலைப்பாடு ஆளைப் பார்த்து மாறாது. உள்ளே இருப்பவர் போராளியானாலும், நாங்கள் அருவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவரானாலும், அவருக்காக நாங்கள் கேட்பது நீதிமன்ற விசாரணை ஒன்றைத்தான்.