தாருக்கு வெளிச்சம், எக்ஸெல்லுக்கு இருட்டு

திமிரியைத் தாண்டி ஆரணிப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்: ராத்திரி ஏழு மணிக்கு மேல் அந்தச் சாலையில் நம் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது எதிரே வருகிறவர் கையில் இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை முடித்து வரும் பெண்களைக் கம்பெனி வேன் ஊர் முனையில் இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து வீட்டுக்கு அண்ணனோ அப்பாவோ கொண்டுவந்த டி.வி.எஸ். எக்ஸெல்தான். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்விளக்கு இல்லாமல். ஓரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு ஒருவர். இவ்வளவையும் எக்ஸெல்லின் மங்கல் வெளிச்சத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம், எதிரே எல்இடி மாட்டிய ஒரு தார் ஜீப் வரும்வரை.

தார் வைத்திருப்பவரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2020 அக்டோபரில் வந்த புதிய தாருக்குக் கம்பெனி கொடுத்தது ஹாலஜன் ஹெட்லைட். அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரில் இருட்டிவிட்டால், வளைவுக்கு அப்பால் பாறையா பள்ளமா என்று தெரியாமல் ஓட்டியவர் மறுநாளே புது பல்பு தேடிப் போவதில் வியப்பில்லை. கம்பெனியே 2024இல் தார் ராக்ஸுக்கு எல்இடி கொடுத்துவிட்டது. ‘அவர்கள் போட்டால் சரி, நான் போட்டால் தப்பா?’ என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான். விடை பல்பில் இல்லை. பல்பு உட்கார்ந்திருக்கும் டூமில் இருக்கிறது.

பழைய எச்4 ஹாலஜன் பல்பு ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று பிரைட்டுக்கு, 60 வாட். மற்றது டிம்முக்கு, 55 வாட். டிம் இழைக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வேலையெல்லாம் அந்தக் கிண்ணத்தில்தான். இழையின் ஒளி டூமின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அது தடுக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்ட வெளிச்சம் சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. டூமின் வளைவு முழுவதும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்தாலே வெளிச்சத்தின் வடிவம் கலைந்துவிடும்.

அந்த ஓட்டைக்குள் எல்இடி பல்பைச் சொருகினால் என்ன ஆகும்? எல்லாப் பக்கமும் ஒளிரும் இழை இருந்த இடத்தில், இரண்டு பக்கம் ஒட்டிய தட்டையான சில்லுகள். கிண்ணத்தைப் போலச் செய்த ஏதோ ஒன்று அடியில் இருக்கும். இடம் பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால் டிம் போட்டாலும் வெளிச்சம் மேலே சிதறும். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் கண்ணுக்கு முன்னால் இருபதடி தூரம் பட்டப்பகல். அதைப் பார்த்துத்தான் ‘சூப்பர்’ என்கிறார். உண்மையில் பக்கத்தில் தரை பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கிக்கொள்ளும். தூரத்தில் கிடக்கும் கல் முன்பைவிட மங்கலாகவே தெரியும். சாதாரண எச்4 பிரைட்டில் தருவது சுமார் 1,650 லுமென், டிம்மில் 1,000. பெட்டி மேல் பத்தாயிரம், இருபதாயிரம் என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்குகிறவர், அந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்று கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு; கடைக்காரர்களில் பலருக்கே இது தெரியாது. ஹெட்லைட்டுக்குக் கை உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். எனவே நம் ஊர் டிம் வெளிச்சம் வலப்பக்கம், அதாவது எதிரே வருகிறவர் பக்கம், தாழ்ந்து கிடக்கும். இடப்பக்கம் மட்டும் சாய்ந்து மேலேறி ஓரத்தில் நடப்பவரைக் காட்டும். அமெரிக்காவிலும் சீனாவிலும் இது தலைகீழ். ஏழு அங்குல வட்ட விளக்கு உலகம் முழுக்க ஒரே அளவு. 1940இல் அமெரிக்காவில் நிலைபெற்ற அளவு அது. வில்லிஸ் ஜீப்பிலிருந்து நம் ஊர் பழைய மகிந்திரா, புல்லட் வரை அந்த வட்டம்தான். அளவு பொருந்துவதால் எந்த நாட்டு விளக்கும் நம் வண்டியில் கச்சிதமாக உட்காரும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த விளக்காக இருந்தால், மேலேறும் வெளிச்சம் நேராக எதிரே வரும் எக்ஸெல்காரர் முகத்துக்குப் போகும்.

அவர் கண்ணுக்கு என்ன ஆகிறது? ஹாலஜன் சற்று மஞ்சள், 3,200 கெல்வின் அளவில். கடையில் விரும்பி வாங்கப்படுவது 6,000, 6,500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. நீல ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறும். கண்புரை விழத் தொடங்கிய ஐம்பது, அறுபது வயதுக்காரருக்குச் சாலையே வெள்ளைத்திரையாகிவிடும். கூசிய கண் தெளிய மூன்று நொடி என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மூன்று நொடியில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். பின்விளக்கில்லாத டிராக்டர் அந்த 50 மீட்டருக்குள்தான் இருக்கும்.

2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் பார்த்தால் ஐந்தில் ஒரு விபத்து மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நடக்கிறது. இந்தப் புள்ளிவிவரத்தில் வேகம், குடி, எதிர்த்திசை ஓட்டம், செல்போன் என்று காரணங்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கண் கூசியதற்குக் கட்டம் இல்லை. அதனால் இறந்தவர் ‘கவனக்குறைவாக’ ஓட்டியவர் ஆகிவிடுகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. 1989ஆம் ஆண்டு விதிகளில் 106ஆவது விதி இன்னும் துல்லியம்: விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச்செய்யக் கூடாது. எழுதியவர் யாரோ, எக்ஸெல்லில் வருகிறவரை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது.

ஆனால் அதை அளப்பவர் யார்? வாடகை வண்டிக்கு எஃப்.சி. உண்டு. சொந்த வண்டிக்குப் பதிவே பதினைந்து ஆண்டு. இன்று ஷோரூமிலிருந்து வரும் தார், டயரைப் பெரிதாக்கி, உயரத்தைத் தூக்கி, பல்பை மாற்றி, மேலே லைட் பார் கட்டினாலும், ஆர்.டி.ஓ. அலுவலகம் அதன் வெளிச்சத்தைப் பார்க்கப் பதினைந்து ஆண்டு ஆகலாம். நடுவில் எப்போதாவது மடக்கும் போலீஸ்காரர் ‘எல்இடியா, கட்டு’ என்பார். ஒழுங்காகக் கோணம் வைத்தவரும் ஒழுங்கற்றவரும் ஒரே தொகை கட்டுவார்கள். எல்லாவற்றையும் தடை செய்துவிட்டு எல்லாவற்றையும் விற்க விடுவது நம் முறை. ஜெர்மனி 2020இல் வேறு வழி பிடித்தது: இந்த எல்இடி பல்பு இந்தந்த வண்டி மாடலில் சோதித்துப் பார்த்தாயிற்று, அவற்றில் மட்டும் போடலாம் என்று பட்டியலோடு அனுமதி கொடுத்தது. பல்புக்கும் டூமுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்ட சட்டம் அது. நமக்கும் அதுதான் வேண்டும். அதுவரை, புகைச் சான்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லோரும் போகிறோமே, அந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு கோடும் வரைந்து வைத்து ஹெட்லைட்டையும் பார்த்தனுப்ப அரசுக்கு என்ன பெரிய செலவு?

வெளிச்சம் போதவில்லை என்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வயரிங். பழைய ஜீப்பில் பேட்டரியிலிருந்து சுவிட்சு வழியாகச் சுற்றிவரும் மெல்லிய வயரில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜனின் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ரிலே வைத்துத் தடித்த வயர் இழுக்கச் சொல்லுங்கள். மங்கிய டூமை மாற்றுங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் தேவைப்படாது. மலையில் ஓட்டுகிறவருக்கு லைட் பார் தேவைதான். கீழே இறங்கியதும் உறையை மாட்டிவிட வேண்டும். நம் பக்கத் தார்களில் பெரும்பாலானவை தார் ரோட்டை விட்டு இறங்கியதே இல்லை என்பது தனிக்கதை.

எல்இடி போட்டுத்தான் விட்டீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி வண்டியைச் சமதரையில், ஒரு சுவருக்கு எதிரே பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே, கோடு கிழித்ததுபோல் இருக்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறலாம். கோடே தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தால், அந்த பல்பைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள்.