நாற்காலி விற்கிறவளுக்கு நாற்காலி இல்லை!

"பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி" என்று நம்மைக் கேலி செய்வது கனவான்களின் வெகுநாள் வழக்கம். பெரிய ஃபர்னிச்சர் கடைக்குள் முதன்முறை நுழைந்த உழைப்பாளி வழி தெரியாமல் திண்டாடினால், அவனுக்கு விவரம் போதாது என்கிறார்கள். சுத்தப் பொய்! வழி தெரியக் கூடாது என்றேதான் அந்தக் கடை கட்டப்படுகிறது.

படப்பையிலிருந்து தாம்பரம் போய், பஸ் மாறி, ஒரு கட்டில் வாங்க அப்படியொரு கடைக்குப் போனோம். கட்டில் இருப்பது மூன்றாம் மாடியில். போகும் வழியோ சோபா, ஊஞ்சல், கண்ணாடி மேஜை அத்தனையையும் சுற்றிக்கொண்டு போகிறது. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. பகலா இரவா தெரியாது. விலைச் சீட்டில் மாதத் தவணை கொட்டை எழுத்தில். மொத்த விலை எறும்பு எழுத்தில்! மெத்தை தனி, வண்டிக்கூலி தனி, பூட்டிக் கொடுக்கும் கூலியும் தனி. வெளியேற வழி கேட்டால், அதுவும் பீரோக்களுக்கு நடுவேதான்!

இது தற்செயலா? இல்லை, தோழர்களே! அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் 1956இல் சவுத்டேல் அங்காடி திறக்கப்பட்டது. நாற்புறமும் அடைத்து, உள்ளே குளிரூட்டிய கட்டிடம். அதை வடிவமைத்தவர் விக்டர் குரூன். வந்த காரியத்தை மறந்து கண்டதையும் வாங்கும் மயக்கத்துக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். தம் திட்டத்தை லாபவேட்டைக்காரர்கள் கெடுத்துவிட்டதாக 1978இல் அவரே வெறுத்துப் பேசினார். ஸ்வீடனில் பிறந்த ஐகியா கம்பெனி 2018 ஆகஸ்ட் 9 அன்று ஐதராபாத்தில் 4 லட்சம் சதுர அடியில் கடை திறந்தது. அதன் பெரிய கடைகளில் தரையில் அம்புக்குறி இருக்கும். அதன்படி நடந்தால் எல்லாச் சரக்கையும் பார்த்துத்தான் தீர வேண்டும். நம் ஊர் முதலாளிகளும் இந்த வித்தையில் சளைத்தவர்கள் அல்ல!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நாங்கள் போன கடையில், நூற்றுக்கணக்கான நாற்காலிகளுக்கு நடுவே, அவற்றை விற்கும் பெண் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடித்தமாம்!

நின்று நின்று கால் நரம்பு புடைத்த பெண்கள் கேரளத்தில் வாய்மூடி இருக்கவில்லை. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பெண்கூட்டு அமைப்பில் திரண்டு போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டிலும் 2021இல், 1947ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. ஆனால் சட்டம் ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெண் கடையில் நிற்கிறாள்!

அந்தப் பெண் யார்? ஆலைத் தொழிலாளியின் தங்கை, விவசாயக் கூலியின் மகள். நம்மை அலைக்கழிக்கிற லாபம்தான் அவளையும் நிற்க வைக்கிறது. ஆகவே கடைக்குள் நுழைந்ததும் மொத்த விலையை எழுத்தில் கேளுங்கள். "இந்த அம்மாவுக்கு நாற்காலி எங்கே?" என்றும் உரக்கக் கேளுங்கள். கடை ஊழியரைச் சங்கத்தில் சேர்ப்போம்! தொழிலாளர் துறை அதிகாரியின் வாசலுக்குக் கூட்டாகப் போவோம்! உட்காரும் உரிமையை எழுந்து நின்று பெறுவோம்!