லாரிக்குத் தார்ப்பாய், காருக்குச் சட்டை

புதுக் காரின் பெயிண்டைக் கல்லடியிலிருந்து காப்பாற்ற என்ன வழி என்று கிள்ளானில் கேட்டுப் பாருங்கள். கார் அலங்காரக் கடைக்காரர் ஃபிலிம் ஒட்டச் சொல்வார். மணல் லாரி ஓட்டுகிறவர், “எம் பின்னால வராதீங்கண்ணே, அவ்வளவுதான்” என்பார். இரண்டாவது யோசனைக்குக் காசு பணம் தேவையில்லை. ஆனால் கிள்ளானில் குடியிருந்துகொண்டு பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்ப்பவன் லாரியின் பின்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு நாளைக் கழிப்பது நடக்கிற காரியமா?

போர்ட் கிள்ளான் 2023இல் கையாண்ட சரக்கு, இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஒரு கோடியே நாற்பது லட்சம். அதில் பாதிக்கு மேல் ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். நம் சாலைக்கு வராது. வருகிற மிச்சமே கூட்டரசு நெடுஞ்சாலையையும் கெசாஸையும் என்கேவிஇயையும் நிறைத்துவிடுகிறது. ஆனாலும் பெயிண்டுக்கு எமன் கண்டெய்னர் அல்ல. அது மூடிய பெட்டி. திறந்த தொட்டியில் வரும் மணலும் ஜல்லியும்தான் எமன். பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிற பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து மணல் வருகிறது. ரவாங், செமினி பக்கத்துக் குவாரிகளிலிருந்து கல் வருகிறது. எல்ஆர்டி 3 பாதைக்காகப் பண்டார் உத்தாமாவிலிருந்து ஜோஹான் செத்தியா வரை தூண் நட்ட ஆண்டுகளில், கிள்ளான் நகரச் சாலைகளில் மண்ணும் கல்லும் சிந்தாத நாள் அபூர்வம். கட்டுமானத் தளத்தின் வாசலில் டயரைக் கழுவிவிட்டுத்தான் லாரி வெளியே வரவேண்டும். கழுவியதற்கு அடையாளமாகச் சாலையில் இரண்டு சேற்றுக் கோடுகளைத்தான் பார்க்க முடிந்தது.

முன்னால் போகும் லாரி கல்லை நம்மை நோக்கி எறிகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. தொட்டி விளிம்பிலிருந்து சிந்திய கல் சாலையில் விழுந்து துள்ளுகிறது. அல்லது டயர் கிளப்பிய கல் மேலே எழும்பி, வேகமிழந்து, காற்றில் கிடக்கிறது. நம் கார்தான் போய் அதில் மோதுகிறது. அதனால் அடி எவ்வளவு பலமானது என்பதைப் பெரும்பாலும் நம் வேகம்தான் தீர்மானிக்கிறது. வேகம் கொஞ்சம் கூடினால் அடி நிறையக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரில் வாங்கும் அடியைவிட 110இல் வாங்கும் அடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலம். என்கேவிஇயில் பறந்து வரும் கார்களின் மூக்கில் புள்ளி அதிகம் இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. லாரியின் பின்சக்கரங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். அந்த இரண்டு டயருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் கல், பிடி தளர்ந்ததும் உண்மையாகவே எறியப்படுகிறது. அது பானெட்டில் புள்ளி போடுகிற கல் அல்ல, கண்ணாடியை உடைக்கிற கல். பொறுப்பான ஓட்டுநர்கள் குவாரியை விட்டு வெளியே வந்ததும் இறங்கி, டயர் இடுக்கில் ஒரு கம்பியை விட்டுத் தட்டிப் பார்ப்பார்கள்.

ஆகவே இடைவெளி. லாரிக்குப் பின்னால் நான்கு விநாடி தூரம் விடுங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது சரியாக நூறு மீட்டர். நூறு மீட்டர் விட்டால் நான்கு பேர் நடுவில் நுழைந்துவிடுவார்களே என்பீர்கள். நுழையட்டும். கல்லை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கல் போய் விழும் இடத்தின் கனத்தைச் சொன்னால் வயிற்றைக் கலக்கும். எஃகுத் தகட்டின் மேல், மின்சாரம் பாய்ச்சிய தொட்டியில் முக்கிப் படியவைக்கும் துரு எதிர்ப்புப் பூச்சு. அதன் மேல் அடிப்பூச்சு. பிறகு நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம். கடைசியில் பளபளப்பைத் தரும் நிறமற்ற மேல்பூச்சு. நான்கும் சேர்ந்து 100லிருந்து 150 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். ஒன்பது வருஷக் கடனில் வாங்கிய காரின் அழகு முழுக்க இவ்வளவுதான் கனம்.

முன் பம்பர் பிளாஸ்டிக். அதில் பெயிண்ட் தெறித்தால் பார்க்க அசிங்கமே தவிர ஆபத்து இல்லை. பானெட்டும் கூரையின் முன் விளிம்பும் தகடு. கல் அடிப்பூச்சு வரை போய் நின்றால் தப்பித்தோம். தகடு தெரிந்தால் துரு ஆரம்பம். பண்டமாரான், தெலுக் காடோங் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வருஷம் முழுக்க மழையும் ஈரமும் உள்ள ஊரில் ஒரு கடுகளவு புள்ளி, சில மாதங்களில் சுற்றிலும் தோல் உரிந்த கொப்புளமாகிவிடும்.

இங்கேதான் ஃபிலிம் கடை வருகிறது. பிபிஎஃப் என்று பலகையில் போட்டிருப்பார்கள். பாலியுரேத்தேன் படலம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் இறக்கைகளை மண்ணும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டிய படலத்தின் வழித்தோன்றல் இது. அதை உருவாக்கியது 3எம் நிறுவனம். பிறகு பந்தயக் கார்களுக்கு வந்து, இப்போது மைவி வரை இறங்கியிருக்கிறது. கனம் ஏறக்குறைய 200 மைக்ரான். அதாவது காரின் மொத்தப் பெயிண்டைவிடத் தடிமன். கல் வந்து விழுந்தால் படலம் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. லேசான கீறல் விழுந்தால் நம்மூர் மத்தியான வெயிலிலேயே மேல்தளம் இளகித் தானாக மூடிக்கொள்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொய், பக்கத்துப் பலகையில் இருக்கிறது. செராமிக் கோட்டிங் போட்டால் கல் படாது என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். செராமிக் பூச்சின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு சீக்கிரம் போகும், காக்கை எச்சம் உடனே அரிக்காது. கிள்ளானில் காக்கைகளைச் சுடுவதற்கே நகராண்மைக் கழகம் ஆள் விட்ட காலம் உண்டு என்பதால் அதுவும் ஒரு லாபம்தான். ஆனால் ஜல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

முழுக் காருக்கும் ஃபிலிம் ஒட்ட ஐயாயிரம் ரிங்கிட்டில் ஆரம்பித்துப் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகிறது. ஐம்பதாயிரம் ரிங்கிட் காருக்கு இது நியாயமா? கல் கூரையின் நடுவிலோ பின்கதவிலோ வந்து விழுவதில்லை. அடி வாங்குவது பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முன்முகம், முன்விளக்குகள், சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கதவின் கீழ்ப்பகுதி. தினமும் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போய் வருகிறவர் முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். கதவின் கீழ்ப்பகுதிக்கு நல்ல மட்ஃபிளாப் நான்கு மாட்டினால் பாதி வேலை முடிந்தது. நம் டயரே நம் கார்மேல் கல்லை அடிக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. வீட்டிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கும், ஞாயிற்றுக்கிழமை தெங்கு கிளானா சாலைக்கும் போகிற காருக்கு ஃபிலிமே வேண்டாம்.

இதை என் அண்ணன் மகளிடமும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. புது மைவி கைக்கு வந்த கையோடு முழுக்க ஒட்டிவிட்டாள். ஒரு வாரத்துக்குக் கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, ஓரங்களில் கை வைக்கக்கூடாது என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அண்ணி காரை கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார். பூசை போடாத காரில் அவர் கால் வைக்க மாட்டார்.

“பானெட்ல சந்தனம் வைக்கக் கூடாதும்மா, ஃபிலிம் காயல.”

“அப்போ பெருமாளுக்கு எங்க வைக்கிறது? டேஷ்போர்டுலயா?”

கடைசியில் சந்தனமும் குங்குமமும் முன்கண்ணாடியில் இடப்பட்டன. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வழக்கம்போல நசுங்கியது. எங்கள் தலைமுறையில் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வருஷக்கணக்கில் சறுக்கிச் சறுக்கி உட்கார்ந்திருப்போம். இவர்கள் அந்த பிளாஸ்டிக்கை வெளியே ஒட்டிக்கொள்கிறார்கள்.

ஃபிலிம் இல்லாதவர்களுக்கு டச்சப் பாட்டில் இருக்கிறது. காரின் நிற எண் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒரு தகட்டில் இருக்கும். அதைச் சொல்லி பெரோடுவா, புரோட்டோன் உதிரிப்பாகக் கடையில் சிறு பாட்டிலாக வாங்கலாம். புள்ளி விழுந்த அன்றே, முடியாவிட்டால் அந்த வாரமே, இடத்தைக் கழுவி, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பல்குச்சி முனையில் தொட்டு வைத்தால் போதும். பாட்டிலோடு வரும் தூரிகை சுவருக்கு வெள்ளை அடிக்கத்தான் லாயக்கு. ஒரே தடவையில் நிரப்பாமல், காயக் காய மெல்லிசாக மூன்று நான்கு தடவை வைக்கவேண்டும். அழகாக இருக்காது. துரு பிடிக்காது, அதுதான் கணக்கு. புதிதாகப் போட்ட சாலையில் ஒட்டும் தாருக்கு அதற்கான திரவமே விற்கிறது, நகத்தால் சுரண்டாதீர்கள்.

காப்புறுதியில் கண்ணாடிக்கு ஒரு நியாயம், பெயிண்டுக்கு ஒரு நியாயம். கண்ணாடிக்கெனத் தனியாகக் கட்டணம் கட்டியிருந்தால், கல் பட்டு உடைந்த முன்கண்ணாடிக்கு இழப்பீடு கேட்கலாம். என்சிடி தள்ளுபடி போகாது. பானெட்டில் விழுந்த புள்ளிகளுக்குக் கேட்டால் ஐந்து வருஷமாகச் சேர்த்த 55 விழுக்காட்டுத் தள்ளுபடி கையை விட்டுப் போகும். அதனால் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் சிந்திய கல்லின் விலை எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. மணலுக்குச் சொந்தக்காரரான தவுக்கே அதைக் கட்டுவதில்லை. மைவிக்காரர் பல்குச்சியும் கையுமாகக் கட்டுகிறார்.

இந்த ஏற்பாடுதான் எனக்கு எரிச்சல். காப்பாரில் மணல் லாரி ஓட்டும் மாமா ஒருவர் உறவில் இருக்கிறார். தொட்டியை ஏன் மூடுவதில்லை என்று கேட்டால் சிரிப்பார். “கேன்வாஸ் இழுத்துக் கட்டி அவுக்கிற நேரத்துல இன்னொருத்தன் எனக்கு முன்னால ஏத்திக்கிட்டுப் போயிருவான் தம்பி. டிரிப்புக்குத்தானே காசு.” அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடைக்குக் கூலி என்று வைத்துவிட்டு, நிதானமாகப் போ, மூடிக் கட்டு, அளவாக ஏற்று என்று சொன்னால் எவர் கேட்பார்? ஒவ்வொரு லாரியின் கதவிலும் BTM, BDM என்று இரண்டு எடை எழுதியிருக்கும். ஒன்று வெறும் வண்டிக்கு, மற்றது சுமையோடு. இரண்டாவது எண்ணை மதிக்காமல் குவித்த தொட்டியிலிருந்துதான் முதல் வளைவிலேயே சிந்துகிறது.

பெயிண்ட் போனால் போகிறது, அது வெறும் பெயிண்ட். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லாரி எஃப்ஆர்யு போலீசாரின் வண்டியோடு மோதியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த லாரி அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருந்தது விசாரணையில் வெளிவந்தது. என் பானெட்டில் புள்ளி போடும் பழக்கமும் அங்கே உயிரை எடுத்த பழக்கமும் வேறு வேறல்ல. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டார்கள். உலகத்துக்கே அது முன்னோடி. காப்பார் சாலையிலும் மேரு சாலையிலும் ஹோண்டா கப்பில் வேலைக்குப் போகிற பையனுக்கு அந்தப் பாதை இல்லை. எனக்குப் புள்ளி விழுகிற இடத்தில் அவனுக்கு முகம் இருக்கிறது. அவனுக்கு ஒட்ட எந்தக் கடையிலும் ஃபிலிம் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. மணலையும் கல்லையும் தெருவில் சிந்துவதற்கு 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றம் அபராதம் போடலாம். ஜேபிஜே அதிகாரிகள் அவ்வப்போது சாலையில் மடக்குகிறார்கள். மடக்குகிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும் லாரிகள் ஓரங்கட்டி நாசி லெமாக் சாப்பிடப் போய்விடுகின்றன.

நெடுஞ்சாலையில் துரத்துவதைவிடச் சுலபமான இடம் ஒன்று இருக்கிறது. குவாரிக்கும் மணல் குத்தகைக்கும் வெளியேறும் வாசல் ஒன்றிரண்டுதான், உரிமம் கொடுப்பது மாநில அரசு. அந்த வாசலில் ஒரு எடைமேடை, தார்ப்பாய் கட்டாத லாரிக்குத் திறக்காத ஒரு தடுப்புக் கட்டை, மீறினால் ஓட்டுநருக்கு அல்லாமல் உரிமக்காரருக்கு அபராதம். சிலாங்கூர் சட்டமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கவேண்டும். வாசகர்களும் தொகுதி அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கையோடு, சிந்திக்கொண்டு போன லாரியின் எண்ணும் நேரமும் இருந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.