பல்லும் பாலும்



பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் பெரியவர்கள். சென்ற கோடையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பல் போயிற்று. பக்கத்தில் நின்ற எனக்குச் சொல் போயிற்று. அந்தக் கதையை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆயினும் எழுதாமலிருப்பது அதனினும் பெரிய வெட்கம் அன்றோ?

நம் வளாகத்து நீச்சல் குளத்தில் கோடை தோறும் ஆசிரியர், ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுப்பதை அறிவீர்கள். விடுதியில் தங்கிவிட்ட நாங்கள் சிலர் மாலையில் உதவிக்குச் செல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீரிலேயே பந்து விளையாடினார்கள். பந்தை எட்டிப் பிடிக்கத் தாவிய ஒரு தமிழ்ச் சிறுவன் குளத்தின் கல் விளிம்பில் வாய் மோதினான். தூக்கி வெளியே உட்கார வைத்தோம். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று போயிருந்தது. இரத்தம் தண்ணீரோடு கலந்து வழியவே, சிறு காயமும் பெருங்காயமாய்த் தோன்றியது.

பல் குளத்தின் அடியில் கிடந்தது. காவலர் மூழ்கி எடுத்து வந்தார். "சின்னப் பையன்தானே, மறுபடி முளைத்துவிடும்" என்றார் ஒரு நண்பர். நான் சொன்னதோ அதைவிட மோசம். "அழுக்காயிருக்கிறது, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்" என்றேன். குழாயடியில் தேய்த்த பல்லைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டேன். ஓடி வந்த தாயார், "தம்பி, நீ படித்த பிள்ளை, என்ன செய்யணுமோ செய்யப்பா" என்றார். முதலில் போன பல் வைத்தியசாலை பூட்டியிருந்தது. இரண்டாவது இடத்தை அடைவதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிட்டது.

வைத்தியர் மூன்று கேள்விகள் கேட்டார். எவ்வளவு நேரமாயிற்று? எதில் வைத்துக் கொண்டு வந்தீர்கள்? வேரைத் தேய்த்தீர்களா? மூன்றுக்கும் என் விடை தவறான விடையே. நான்காவதாக, "நீ என்ன படிக்கிறாய்?" என்றார். "எம்.எஸ்ஸி., உயிர் இரசாயனம்" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

நான் செய்த பிழை என்ன? பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச் சவ்வு ஒன்று உண்டு. பல்லைத் தாடையெலும்போடு பிணைப்பது அதுதான். பல் கழன்று விழும்போது அச்சவ்வின் ஒரு பகுதி வேரிலே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதிலுள்ள உயிரணுக்கள் அப்போதும் உயிரோடிருக்கின்றன. அவை பிழைத்தால் பல் மறுபடி பற்றிக் கொள்ளும். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கிடந்தால் அவற்றிற் பெரும்பாலானவை மடிந்துவிடும். அதன் பிறகு பல்லைப் பொருத்தினாலும், எலும்பு நாளடைவில் வேரை அரித்து, அந்த இடத்தைத் தானே நிரப்பிக் கொள்ளும். வளரும் பிள்ளைக்குத் தாடை வளர, அந்தப் பல் மட்டும் வளர்ச்சியின்றிக் கீழ்மேலாய் நின்றுவிடும்.

குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்தாலும் போதாது. தண்ணீரில் உப்புச் செறிவு குறைவு. ஆகவே நீர் உயிரணுவுக்குள் புகும், அணு வீங்கும், வெடிக்கும். இதன் பெயர் சவ்வூடு பரவல். இதைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்காதவர் நம் வகுப்பில் உண்டா? பாலின் செறிவோ நம் இரத்தத்தின் செறிவுக்கு ஏறக்குறைய ஒத்தது. குளிர்ந்த பாலில் அந்த உயிரணுக்கள் மேலும் சிறிது நேரம் தாங்கும். நம் குளத்தின் வாசலுக்கு எதிரே பால் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதைக் கடந்துதான் அன்று ஆட்டோ பிடிக்க ஓடினோம்!

இனி, செய்யத்தக்கதைச் சொல்கிறேன். முதலில் பிள்ளையைப் பாருங்கள், பல்லைப் பிறகு பார்க்கலாம். நினைவு தப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். சுத்தமான துணியைக் கடிக்கச் சொன்னால் இரத்தம் அடங்கும். பல்லைத் தேடுங்கள். அகப்படாவிட்டால் அது மூச்சுக் குழலுக்குள் போயிருக்கவும் கூடும், வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள். கிடைத்த பல்லை வெண்மையான தலைப்பகுதியில் பிடியுங்கள், வேரைத் தொடவேண்டாம், தேய்க்கவே வேண்டாம். அழுக்கிருந்தால் பாலில் இலேசாக அலசி, அந்தக் குழியிலேயே மெதுவாகச் செருகி, துணியைக் கடிக்க வைத்து, அன்றே, அப்போதே பல் வைத்தியரிடம் செல்லுங்கள். செருகத் துணிவில்லையேல் குளிர்ந்த பாலில் இட்டுக் கொண்டு ஓடுங்கள். பால் இல்லையேல் பிள்ளையின் எச்சிலையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி அதில் போடலாம். வெறுந் தண்ணீர் கடைசிப் பட்சம். உலர விடுவதைவிட அதுவும் மேல். பல் உடைந்து துண்டு மட்டும் வந்திருந்தால் அதையும் நனைத்தே எடுத்துச் செல்லுங்கள், பல சமயம் ஒட்டிவிடுவார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பால் பல்லைத் திரும்பச் செருகலாகாது. அடியில் உருவாகிவரும் நிலைப்பல்லுக்கு அது கேடு செய்யும். மேல் முன்பற்கள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் நிலைப்பற்களாய் முளைக்கின்றன. ஐயமிருந்தால் செருகாமல் பாலில் இட்டு வைத்தியரிடம் கொடுத்துவிடுங்கள்.

நாகபுரியில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். என் பல் விழுந்தபோதெல்லாம் பாட்டி அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்வாள். விழுந்த பல் முளைக்கும் என்ற நம்பிக்கை நம் எல்லோர் மனத்திலும் இப்படித்தான் ஊறிக் கிடக்கிறது. பால் பல்லுக்கு அது சரி. ஒன்பது வயதுப் பிள்ளையின் முன்பல்லுக்கு அது பொருந்தாது.

"நாம் வைத்தியர் அல்லவே, நமக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கலாம். வைத்தியர் குளத்தங்கரையில் நிற்பதில்லை. நிற்பவர்கள் நாம்தாம். பல்லின் கதி முடிவாவது அந்த முதல் அரை மணி நேரத்தில்தான். அதனால்தான், பக்கத்தில் இருப்பவரே பல்லைச் செருகலாம் என்று உலகப் பல் வைத்திய அறிஞர்கள் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடும் விஞ்ஞானத்தால் யாருக்கு என்ன பயன்? புத்தகத்தில் இருந்தது என் கைக்கு வரவில்லை. குறை புத்தகத்தினுடையதன்று.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாய் நடத்துகிறோம், நடத்தத்தான் வேண்டும். அத்தோடு, அடுத்த கோடைப் பயிற்சி தொடங்குமுன் நீச்சல் குளச் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்போம். மேலே சொன்னவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுவோம். ஞாயிறும் திறந்திருக்கும் பல் வைத்தியரின் தொலைபேசி எண்ணை அடியில் குறிப்போம். காவலருக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்போம். செலவு ஒரு விழாவின் மாலைச் செலவுகூட ஆகாது. வாசகத்தை எழுதித்தர நான் தயார்.

அந்தச் சிறுவனுக்கு வைத்தியர் பல்லைப் பொருத்தி, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் பிணைத்து வைத்தார். பையன் குழைந்த சோறும் இட்லியுமாய்க் காலந்தள்ளினான். இப்போது என்னைக் கண்டால், "அண்ணா, பல் கெட்டியா இருக்கு பாருங்க" என்று இளித்துக் காட்டுகிறான். அது சில ஆண்டுகளே நிற்கும் என்று வைத்தியர் பெற்றோரிடம் சொல்லியிருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.